கடைத்தொட்டியில் நீந்திய ‘புது’ மீன்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மாலத்தீவின் ரோஜா நிற மீனை 2022-இல் புதிய இனமாக அறிவித்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்பே அலங்கார மீன் வியாபாரத்தில் அது இருந்ததாம். விற்பனைக்கு வந்த மீன் எப்படிப் புதிதாகும்? நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாமே?

க.மு., நாகர்கோவில்

அன்புள்ள க.மு.,

‘புதிய’ என்றால் முறைப்படி விவரித்துப் பெயர் வைக்கப்படாதது, அவ்வளவுதான். மீனுக்கு என்ன தெரியும், அது பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது.

1990களிலேயே ஆய்வாளர்கள் இதைப் பிடித்தார்கள். ஆனால் வேறொரு மீன் என்று நினைத்துவிட்டார்கள். தெற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளியுள்ள சாகோஸ் தீவுகளில் கிடைத்த ‘சிர்ரிலாப்ரஸ் ரூப்ரிஸ்குவாமிஸ்’ என்ற மீன் 1983-இல் விவரிக்கப்பட்டிருந்தது. ஆதாரம் ஒரே ஒரு மீன், அதுவும் குஞ்சு. மாலத்தீவில் பெரிய மீன் கிடைத்ததும், அந்தக் குஞ்சு வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும்போல என்று முடித்துக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்து மீன்கள் பெண்ணாக இருந்து ஆணாக மாறுபவை. மாறும்போது நிறமும் மாறும். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவோம்.

பிறகு மீன் ஆய்வாளர் யி-காய் டீயின் குழுவினர் இரு ஊர் மீன்களையும் ஒப்பிட்டார்கள். குஞ்சுகள் ஏறக்குறைய ஒன்றே. வளர்ந்தவற்றில் மாலத்தீவு மீன் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தது, மற்றதன் நிறம் வேறு. சரி, நிறம் போதாது என்று முதுகுத் துடுப்பு முட்களின் உயரம், செதில்களின் எண்ணிக்கை, டிஎன்ஏ என எல்லாவற்றையும் பார்த்தார்கள்.

இந்த வேலை பொறுமையைச் சோதிக்கும். பிடித்த கையோடு துடுப்புகளை ஊசியால் விரித்து, தூரிகையால் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தைத் தடவ வேண்டும். அப்போதுதான் விறைத்து நிற்கும். உடனே படம் எடுக்க வேண்டும். ஆல்கஹாலில் போட்டபின் பெரும்பாலும் சிவப்பு நிற்காது. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு குடுவையைப் பார்த்திருக்கிறேன்: அவித்த நெத்திலி போல வெளுத்த ஒன்று, கூடவே நூலில் கட்டிய எண் சீட்டு. அப்படிப்பட்ட மீனில் நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு செதிலாக எண்ணுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது பெயர் வைத்த விதம். ‘சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா’: மாலத்தீவின் திவேஹி மொழியில் ஃபினிஃபென்மா என்றால் ரோஜா, அந்நாட்டின் தேசிய மலர். பெயரிட்டவர்களில் ஒருவரான அஹமது நஜீப் மாலத்தீவுக்காரர். அதுவரை அந்தக் கடலின் மீன்களை விவரித்தவர்கள் எல்லாம் வெளிநாட்டினர்தான்.