விளையாட்டுக் கருவி வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

கேள்வி: நான் மழலையர் பள்ளி ஆசிரியை. எங்களிடம் 3 முதல் 6 வயது வரை 28 பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்த வருடம் சிறப்புத் தேவையுள்ள மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்குப் பெருமூளை வாதம்; வாக்கர் பிடித்து நடக்கிறான், தூரம் என்றால் சக்கர நாற்காலி. ஒரு சிறுமிக்கு ஆட்டிசம். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடிவிடுகிறாள். இன்னொருத்திக்குப் பார்வை குறைவு. பள்ளியின் பின்பக்கம் சுமார் 20 மீட்டருக்கு 12 மீட்டர் முற்றம் இருக்கிறது. முழுக்க மணல், ஒரு சறுக்கு மரம், இரண்டு ஊஞ்சல், ஓரத்தில் ஒரு பெரிய மரம். சக்கர நாற்காலியோடு ஏறி ஆடும் ஊஞ்சல் ஒன்றை வாங்கி மூலையில் வைத்துவிடலாம் என்கிறது நிர்வாகம். அது போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த ஊஞ்சலை இப்போதைக்கு வாங்க வேண்டாம். நிர்வாகத்தின் நல்ல மனம் புரிகிறது, ஆனால் அந்தக் கருவி உங்கள் முற்றத்துக்குப் பொருந்தாது. நாற்காலி நிற்கும் அந்த மேடை மிகவும் கனமானது. ஆடும்போது குறுக்கே ஓடிவரும் ஒரு சின்னப் பிள்ளையின் மேல் பட்டால் பெரிய அடியாகும். அதனால் அதைச் சுற்றி வேலி போட்டு, பூட்டி, பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டியிருக்கும். கடைசியில் என்ன நடக்கும்? 27 பிள்ளைகள் ஒரு பக்கம் விளையாட, உங்கள் பையன் வேலிக்குள் தனியாக ஆடிக்கொண்டிருப்பான்.

எந்தப் பொருளை வாங்கினாலும், எந்த இடத்தைக் கட்டினாலும், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளை அங்கே போய்ச் சேரும்போது, பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருக்குமா?

முதலில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். முற்றத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு, விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள், இந்த மூவரும் எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று குறியுங்கள். அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக நான் போய்ப் பார்த்த ஒரு முற்றத்தில், வாக்கர் பிடித்து நடக்கும் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். சிமெண்ட் திண்ணை முடிந்து மணல் தொடங்கும் இடம் வரை வேகமாக வருவான். முன் சக்கரம் இரண்டும் மணலில் புதையும். ஒரு தடவை தள்ளுவான், இரண்டு தடவை தள்ளுவான், அப்புறம் அப்படியே நின்றுவிடுவான். அரை மணி நேரமும் அங்கேதான். அவனுடைய குறிப்பேட்டில், 'வேடிக்கை பார்ப்பதை விரும்புகிறான்' என்று எழுதியிருந்தார்கள்.

வேடிக்கை பார்ப்பது தப்பில்லை. பிள்ளைகள் மற்றவர்களோடு எப்படிக் கலக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகைப்படுத்தியபோது, தனியாக விளையாடுவது, பக்கத்தில் இருந்து பார்ப்பது, பக்கம் பக்கமாக அவரவர் விளையாட்டை ஆடுவது எல்லாவற்றையும் சேர்த்தே எழுதினார். ஆனால் பார்க்கப் பிடித்துப் பார்ப்பது வேறு, போக வழியில்லாமல் பார்ப்பது வேறு. அந்தப் பையனுக்காக மணலின் மேல் தடிமனான ரப்பர் பாயை நீளமாக விரித்தோம். அவன் நேராகச் சறுக்கு மரத்துக்குப் போவான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் போனது சறுக்கு மரத்துக்குக் கீழே இருந்த நிழலுக்கு. அங்கேதான் நான்கைந்து பேர் இலையும் மண்ணும் வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் அவன் கண் அந்தக் கடைமேல்தான் இருந்திருக்கிறது.

ஆகவே, உங்கள் முதல் செலவு தரை. மணல் விழுபவரைத் தாங்கும், சக்கரத்தைத் தாங்காது. கூழாங்கல்லும் அப்படித்தான், அதோடு வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கமுள்ள பிள்ளை இருந்தால் அது ஆபத்தும்கூட. முழு மணலையும் அள்ள வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டர் அகலத்தில் கெட்டியான பாதை ஒன்று போடுங்கள். ஒரு சக்கர நாற்காலி முழுவதுமாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டம் வேண்டும். அந்த அகலத்தில் வாக்கரும் சைக்கிளும் எதிரெதிரே வந்தாலும் ஒதுங்கிப் போகலாம். பாதை எங்கும் முட்டுச் சந்தாக முடியாமல், முற்றத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர வேண்டும். மூன்று சக்கர சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். அது நல்லது. வாக்கர் பையனுக்கென்று போட்ட பாதை என்ற பேச்சே எழாது.

திண்ணையிலிருந்து இறங்கும் இடத்தில் சாய்தளம் வேண்டும். 1:12 என்பது பரவலாக ஏற்கப்பட்ட அதிகபட்சச் சரிவு: திண்ணை 30 செ.மீ. உயரம் என்றால் சாய்தளத்தின் நீளம் 3.6 மீட்டர். அவன் தானே கையால் சக்கரத்தை உருட்டி ஏற வேண்டுமென்றால் அதைவிட மெதுவான சரிவு, 1:16 அல்லது 1:20, நல்லது. சின்னக் கைகளுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

சிமெண்ட் பாதைக்கு ஓர் எச்சரிக்கை. ஏறும், ஆடும் கருவிகளைச் சுற்றி 1.8 மீட்டருக்குள் கெட்டித் தரை வரக் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் கூடுதலாக, அது தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் விட வேண்டும். அந்த இடங்களில் விழுந்தால் தாங்கும் தரைதான் இருக்க வேண்டும். வாக்கரும் போக வேண்டும், விழுந்தால் அடியும் படக் கூடாது என்றால் ரப்பர் தரை நல்ல வழி. செலவு கூடுதல் என்பதால் சறுக்கு மரத்தின் அடியில் மட்டும் போடலாம். வெயிலில் அது நன்றாகச் சுடும். தினமும் பிள்ளைகளை வெளியே விடும் முன் உங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காலில் உணர்ச்சி குறைந்த பிள்ளைக்குச் சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும்.

சறுக்கு மரத்தைப் பற்றி ஒரு விஷயம், இதைப் பல இடங்களில் கவனிப்பதே இல்லை. நாற்காலியிலிருந்து ஒரு பிள்ளை எப்படியோ மேலே ஏறிவிடுகிறது, சந்தோஷமாகச் சறுக்கிக் கீழே வருகிறது. நாற்காலி எங்கே? ஏறிய பக்கத்தில். இனி யாராவது வந்து தூக்கும் வரை சறுக்கின் வாயிலேயே அது உட்கார்ந்திருக்க வேண்டும். பின்னால் வரிசை கத்தும். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை அது ஏறாது. ஆகவே ஏறும் இடமும் இறங்கும் இடமும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். ஏறும் இடத்தில் 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை வைத்தால் நாற்காலியிலிருந்து அதற்கு நகர்ந்துகொள்ளலாம். அங்கிருந்து 20 செ.மீ.க்கு மேற்படாத படிகள், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி. கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்தில் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

புதிதாகவே செய்வதானால் எனக்குப் பிடித்தது மண்மேடு. பாதைக்கு வெட்டிய மண்ணைக் குவித்து, புல் வளர்த்து, அதன் சரிவிலேயே அகலமான சறுக்குப் பலகையைப் பதித்துவிடலாம். தவழ்ந்து ஏறலாம், உருண்டு இறங்கலாம், இருவர் சேர்ந்தே சறுக்கலாம். உயரத்திலிருந்து விழும் பயம் பெருமளவு போய்விடும். வருங்காலத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (காது கேளாதவர்களுக்கு அறுவை செய்து பொருத்தும் செவிக்கருவி) பொருத்திய பிள்ளை யாராவது சேர்ந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: பிளாஸ்டிக் சறுக்கில் உண்டாகும் நிலைமின்சாரம் அந்தக் கருவியைப் பாதிக்கலாம். பெற்றோரிடமும் கருவி பொருத்தியவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊஞ்சல் வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். இப்போதுள்ள இரண்டில் ஒன்றைக் கழற்றி, முதுகுக்குச் சாய்வும் இடுப்புக்குப் பட்டையும் உள்ள இருக்கையை மாட்டுங்கள். இடமிருந்தால் தட்டுப் போன்ற வலைக்கூடை ஊஞ்சல் ஒன்று. அதில் உட்கார்ந்திருக்கும் பலம் இல்லாத பிள்ளை படுத்தும் ஆடலாம், இரண்டு மூன்று பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டும் ஆடலாம்.

பார்வை குறைந்த சிறுமிக்கு இந்த முற்றத்தில் மிகப் பெரிய ஆபத்து அந்த ஊஞ்சல்தான். வருவது தெரியாது, திரும்பி வருவதும் தெரியாது. அதனால் ஊஞ்சலை ஓரத்துக்கு மாற்றி, பாதைக்கும் அதற்கும் நடுவே இடுப்பளவு தடுப்பு ஒன்று வையுங்கள். தடுப்புக்கு முன்னால் காலுக்குச் சொரசொரவென்று வேறுபட்டுத் தெரியும் தரைப்பட்டை இருக்கட்டும். படிகளின் விளிம்பில் பளிச்சென்ற மஞ்சள் கோடு. இலைநிழல் திட்டுத் திட்டாக விழும் இடத்தில் படி வைத்தால் அவளுக்கு நிழலும் படியும் ஒன்றாகத் தெரியும்; அதைத் தவிருங்கள். மரத்தடியில் காற்றுக்கு ஒலிக்கும் மணி ஒன்று கட்டினால், தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்குக் காதாலேயே பிடிபடும். புதினா, எலுமிச்சைப்புல் போன்ற வாசனைச் செடிகளைப் பாதையின் திருப்பங்களில் வைப்பதும் அதற்குத்தான். அரளி மட்டும் வேண்டாம், அதன் எல்லாப் பாகமும் விஷம்.

இப்போது ஓடிப்போகும் சிறுமி. வாசல் கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும், தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டக் கூடாது, வேலியில் கால் வைத்து ஏற இடம் இருக்கக் கூடாது. இது அவசியம், ஆனால் பாதி வேலைதான். அவள் எதைவிட்டு ஓடுகிறாள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சத்தம். ஓடிப்போய் நிற்க முற்றத்துக்குள்ளேயே ஓர் இடம் கொடுத்தால் வாசல் வரை போக வேண்டிய தேவை குறையும். மரத்தடியில் பிரம்பாலோ மரக்கட்டையாலோ சிறு குடில் ஒன்று போடுங்கள். உள்ளே இரண்டு பேர் உட்காரும் இடம் போதும். இரண்டு பக்கமும் வழி இருக்கட்டும். யாராவது உள்ளே வந்தால் மூலையில் சிக்கிக்கொண்டதாக அவளுக்குத் தோன்றக் கூடாது. உள்ளிருந்து அவளுக்கு விளையாட்டு தெரிய வேண்டும், வெளியிலிருந்து உங்களுக்கு அவள் தெரிய வேண்டும். எந்தப் பிள்ளையையும் தண்டனையாக ஒருநாளும் அங்கே அனுப்பாதீர்கள். ஒரே ஒரு முறை அனுப்பினாலும் அந்த இடம் அவளுக்குக் கெட்டுவிடும்.

அதோடு அவளுக்குக் கனமான வேலை கொடுங்கள். தண்ணீர் வாளியைத் தூக்குவது, மண் தோண்டுவது, தள்ளுவண்டி தள்ளுவது. தசைக்கும் மூட்டுக்கும் கிடைக்கும் இந்த அழுத்தம் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளை நிதானப்படுத்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு முடியப்போவதை மணியடித்துத் திடீரென்று சொல்லாமல், 'ஊஞ்சல், தண்ணீர், கை கழுவுதல், வகுப்பு' என்று படங்களை வரிசையாக ஒரு பலகையில் ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகத் திருப்பி வையுங்கள். அதே பலகை பேச்சு வராத பிள்ளைகளுக்கு 'எனக்கும் வேண்டும்', 'நிறுத்து' என்று சுட்டிக்காட்டவும் உதவும்.

மூவரும் மற்றவர்களோடு உண்மையிலேயே கலக்கும் இடம் எதுவென்று கேட்டால், மண்ணும் தண்ணீரும் உள்ள மேசை என்பேன். அடியில் 60 செ.மீ. உயரமாவது காலியாக இருந்தால் முழங்கால் உள்ளே போகும், நாற்காலி ஒட்டி நிற்கும். மேசையைச் சுவரோடு சேர்க்காமல் நடுவில் போடுங்கள். முகம் பார்த்து நிற்கும் பிள்ளைகள்தான் பேசிக்கொள்வார்கள். ஒருவர் மேலே தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் கீழே அணை கட்ட, ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆட்டம் நடக்காது. வாளி, பலகைத் துண்டு, குழாய், பழைய டயர் என்று நகர்த்தக்கூடிய பொருள்கள் அருகில் கிடக்கட்டும். இவற்றுக்குச் சரியான விளையாடும் முறை என்று ஒன்று கிடையாது, அதனால் யாரும் தப்பாக விளையாடவும் முடியாது.

நிர்வாகம் 'அடிபட்டால் என்ன செய்வது' என்று கேட்கும். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1943-இல் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில், நிலத்தோட்ட வடிவமைப்பாளர் கார்ல் தியோடோர் சோரன்சனின் யோசனைப்படி, வேண்டாத மரத்துண்டுகளும் பொருள்களும் வைத்துப் பிள்ளைகளே கட்டி விளையாடும் மைதானம் ஒன்று திறந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அந்த எண்ணத்தை பிரிட்டனுக்குக் கொண்டுபோன குழந்தை நலச் செயற்பாட்டாளர் மார்ஜரி ஆலன், 1970-இல் லண்டனின் செல்சியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகவே அப்படி ஒரு மைதானத்தைத் தொடங்கினார். யாரை ஓர் இடத்தில் உட்காரவைத்துப் பொத்திப் பொத்தி வளர்த்தார்களோ அந்தப் பிள்ளைகளுக்கும் ஏற, தோண்ட, நனைய இடம் கிடைத்தது. விளையாட்டு சலுகையும் அல்ல. 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு எல்லாக் குழந்தைகளுக்கும் அதை உரிமையாகச் சொல்கிறது. 2006-இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மற்றக் குழந்தைகளுக்குச் சமமாக என்று அதை இன்னும் தெளிவாக்குகிறது.

துருப்பிடித்த ஆணி, தலை மாட்டும் சந்து, கண்ணுக்குத் தெரியாமல் வரும் ஊஞ்சல், இவற்றை நாம்தான் நீக்க வேண்டும். இந்த மேட்டில் ஏறலாமா, விழுவேனா என்று அந்தப் பிள்ளையே பார்த்து முடிவெடுக்கும் ஆபத்து வேறு. அதை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். மருத்துவக் காரணம் உள்ள இடத்தில் மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். உதாரணமாக, டவுன் சிண்ட்ரோம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பின் இணைப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணமும், துள்ளிக் குதிக்கும் டிராம்போலினும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

சரி, வேலையை எப்படித் தொடங்குவது? சிமெண்ட் வாங்கும் முன் ஒரு நீளக் கயிறு போதும். பாதை போகும் வழியில் கயிற்றை வளைத்துப் போட்டு, மணலின் மேல் பழைய பாய்களையோ பலகைகளையோ ஆடாமல் பரப்புங்கள். வாக்கரோடு பையனை விட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் தள்ளி நில்லுங்கள். அவன் பாதையில் ஏறுவான், ஓரிடத்தில் நிற்பான், கயிற்றுக்கு வெளியே எங்கேயோ பார்ப்பான். கயிற்றை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஒரு வாரம் இப்படி நகர்த்திய பிறகு எங்கே நிலைக்கிறதோ, அங்கே பாதையைப் போடுங்கள்.