மூடுவதற்கு முன்னால் பாருங்கள்
வீடு கட்டுவோர் கேள்வி - பதில்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் 30 சென்ட் காப்பித் தோட்டம் விலைக்கு வருகிறது. வாங்கி நடுவில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாமா? முடியாதென்றால் அம்மா பெயரில் வாங்கலாமா?

பதில்: உங்கள் பெயரில் முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமாவின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் வாங்கக் கூடாது. 30 சென்ட்தானே என்பது செல்லாது. காப்பித் தோட்டம் தோட்டம்தான். அம்மா தன் பணத்தில் வாங்கித் தன் பெயரில் வைத்திருக்கலாம், பிற்காலத்தில் வாரிசாக உங்களுக்கு வருவதற்கும் தடையில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது தானப் பத்திரம் எழுதித் தருவதுதான் கூடாது.

ஏற்காட்டில் அங்கீகாரம் பெற்ற வீட்டுமனை கிடைத்தால் அதைப் பாருங்கள். அங்கும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பட்டா, புல வரைபடம், தாய்ப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று நான்கையும் ஒரே வக்கீலிடம் காட்டுங்கள். அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் (ஹாகா) பட்டியலில் உள்ளதா என்றும் கேளுங்கள். இருந்தால் கட்டட அனுமதிக்குக் கீழ்நாட்டைவிடக் கூடுதல் படிகள் உண்டு. மனையில் சில்வர் ஓக் நின்றால் உங்கள் மனை என்பதற்காக வெட்டிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

கேள்வி: தம்பிக்கு பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுக்க ஊருக்கு வந்தே ஆக வேண்டுமா? (துபாய் வாசகர்)

பதில்: வேண்டாம். அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்று அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வரைபட அனுமதி, மின் இணைப்பு, ஒப்பந்தக்காரரோடு ஒப்பந்தம் என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தம்பியே ஆனாலும், வீடு கட்டுவதற்கான பவரில் விற்கும் உரிமையைச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மஸ்கட்டில் வேலை. சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் 1000 சதுர அடியில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. மச்சான்தான் பார்த்துக்கொள்கிறார். சித்திரையில் கூரைத் தளம் போடுகிறார்கள். மேஸ்திரி தினமும் போட்டோ அனுப்புகிறார். அது போதுமா ஐயா?

பதில்: போதாது. சுவரில் தப்பு நடந்தால் இடித்துத் திருத்தலாம். கான்கிரீட்டுக்குள் போனது போனதுதான். அதனால் உங்கள் கவனம் முழுவதும் தளம் போடுவதற்கு முந்தின நாள் மாலையிலும் போடும் நாளிலும் இருக்கட்டும்.

முந்தின நாள் மாலை மச்சானை சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தகடும் முட்டும்) மேலே ஏறச் சொல்லி வீடியோ அழைப்பில் வாருங்கள். கம்பி தகட்டில் படுத்திருக்கக் கூடாது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு சிமெண்ட் கட்டை) வைத்துத் தூக்கியிருக்க வேண்டும். உடைந்த ஜல்லியைச் சொருகியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஆள் மிதித்ததும் அது நழுவிவிடும்.

அடுத்து சன்ஷேடும் பால்கனியும். அறைத் தளத்தின் நடுவில் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் அது மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் பாரம் முனையைக் கீழே இழுக்க, இழுபடுவது மேல்பக்கம். காலையில் கம்பி கட்டுபவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். மறுநாள் சட்டி தூக்கும் இருபது பேர் அதன்மேல் நடந்து தகடுவரை அழுத்திவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்துச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு விரிசல் தெரியும். சிமெண்டைக் குறை சொல்வார்கள். தப்பு மிதிபட்ட கம்பியில். மேல்கம்பிக்கு அடியில் மூன்றடிக்கு ஒன்றாக 'சேர்' (நாற்காலி போல் தாங்கும் துண்டுக் கம்பி) வளைத்து வைக்கவும், நடக்கப் பலகை போடவும் சொல்லுங்கள். கான்கிரீட் அங்கே வரும் நேரத்தில் மச்சான் அந்த இடத்திலேயே நிற்கட்டும்.

கலவைக் கணக்கு இது. 5 அங்குலக் கனத்தில் 1000 சதுர அடி என்றால் ஏறக்குறைய 417 கன அடி கான்கிரீட். எம்20 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3) 90 முதல் 95 மூட்டை சிமெண்ட் பிடிக்கும், பீம் தனி. மாலையில் காலிச் சாக்கை எண்ணிப் படம் அனுப்பச் சொல்லுங்கள். 70தான் இருந்தால் எங்கோ குறைத்திருக்கிறார்கள். சட்டிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மூட்டை சிமெண்டின் அளவான 35 லிட்டர் பெட்டி செய்து, எம் சாண்டையும் முக்கால் அங்குல ஜல்லியையும் அதில் தலைதட்டி அளக்கட்டும்.

தண்ணீர்தான் பெரிய எதிரி. மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சினால் 27. கலவை இறுக்கமாக இருக்கிறதென்று சித்தாள் குடத்தைச் சாய்ப்பார். வேலை சுலபமாகும், பலம் போகும். குடத்துக்குப் பதில் அளவுக் கோடு போட்ட வாளி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று நடுவில் நின்றுபோகும்.

சித்திரை வெயிலில் சேலத்தில் பத்து மணிக்கு மேல் தகடு கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். ஆறு மணிக்கே ஆரம்பியுங்கள், தகட்டில் தண்ணீர் தெளித்துச் சூடு தணித்து, தேங்கியதை வெளியேற்றிவிட்டு. போட்ட சில மணி நேரத்திலேயே மேலே கோழிக்கால் போல வெடிப்பு வந்தால், காற்றும் வெயிலும் ஈரத்தை உறிஞ்சிவிட்டன என்று அர்த்தம். தேய்த்து முடித்த இடத்தை உடனே ஈரச் சாக்கால் மூட வேண்டும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்; இந்த வெயிலுக்கு 14 நாள். இப்போது கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட், மெதுவாகத்தான் இறுகும். தளத்தைத் தாங்கும் முட்டுகளை 14 நாளுக்கு முன்பும் பீமைத் தாங்கும் முட்டுகளை 21 நாளுக்கு முன்பும் தொடவிடாதீர்கள். அடுத்த வேலைக்குத் தகடு வேண்டுமென்று பத்தாம் நாளே கேட்பார்கள்.

தளத்துக்கான தவணையை அன்றைக்கே கொடுத்துவிடாமல், முட்டுப் பிரித்து அடிப்பக்கத்தைப் பார்த்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஜல்லி ஜல்லியாகத் தெரிந்தாலோ கம்பி எட்டிப் பார்த்தாலோ, பூசி மறைக்கும் முன் இன்ஜினியர் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஏற்காட்டுக்குக் கம்பியை இரண்டாக வளைத்துக் கொண்டுவருகிறார்கள். பலம் குறையாதா?

பதில்: 12 மீட்டர் கம்பியை நீட்டமாக ஏற்றி 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவது சிரமம், அதனால்தான் வளைக்கிறார்கள். பெரிய வட்டமாக வளைந்திருந்தால் பயமில்லை. 'வி' போல மடங்கிய இடத்தைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திப் போடுவதுதான் ஆபத்து, அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழும். மடங்கிய ஓரடியை வெட்டிப் போட்டுவிட்டு ஒட்டு வையுங்கள், அதாவது இரண்டு கம்பியையும் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டுக் கட்டுங்கள். படியும் நீளம் கம்பித் தடிமனைப் போல 50 மடங்கு, அதாவது 12 மில்லிக்கு இரண்டடி. எல்லா ஒட்டும் ஒரே வரிசையில் வரக் கூடாது. 12 மில்லி முழுக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.66 கிலோ, எடைச் சீட்டோடு எண்ணிக்கையை ஒப்பிட்டு இறக்குங்கள்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற ஏற்காட்டு வீட்டுக்குப் பின்னால் பத்தடி உயரக் கருங்கல் தடுப்புச் சுவர். போன மழையில் வயிறு தள்ளிவிட்டது. சிமெண்ட் பூசினால் நிற்குமா? (தோஹா வாசகர்)

பதில்: பூசவே பூசாதீர்கள். சுவரைத் தள்ளுவது மண்ணோடு சேர்ந்து பின்னால் தேங்கிய தண்ணீர். பூச்சு, கல் இடுக்கில் கசிந்துகொண்டிருந்த கொஞ்ச வழியையும் அடைத்துவிடும். முதலில் சுவருக்கு மேலே மேட்டில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்புங்கள். அந்தப் பக்கத்து அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

வயிறு தள்ளிய பகுதியைப் பிரித்துத்தான் கட்ட வேண்டும். மழை இல்லாத தை, மாசியில், ஒரு தடவைக்கு எட்டு, பத்தடி நீளம் மட்டும். மொத்தமாகப் பிரித்தால் மேடே இறங்கிவிடும். பத்தடி உயரத்துக்கு அடியகலம் ஐந்தடி இருக்கட்டும். சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாக, வரிசை மாற்றி, 4 அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள். குழாய் மட்டும் வைத்தால் ஒரே மழையில் செம்மண் அடைத்துக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் துணி விரிக்க வேண்டும். மண் போட்டு மூடிவிட்டால் இது வெளியே தெரியாது. ஆகவே ஒவ்வொரு எட்டடியும் மூடப்படும் முன் ஜல்லியும் துணியும் தெரியும்படி படம் வந்தபிறகே அடுத்த பகுதியைப் பிரிக்க அனுமதி கொடுங்கள்.