யாருடைய இரண்டு மணி நேரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஜிடிஏ 5 என்ற வீடியோ கேமில் ஒரு ரோல்ப்ளே சர்வர் நடத்துகிறோம். பலர் ஆன்லைனில் சேர்ந்து ஆளுக்கொரு கேரக்டராக நடித்து வாழும் ஓர் ஊர் அது. எங்கள் கொள்கை ஒன்றுதான்: நிஜத்தில் எப்படியோ இங்கேயும் அப்படி. பசி, தாகம், பெட்ரோல் எல்லாம் உண்டு. குண்டடி பட்டால் ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம். போலீசிடம் பிடிபட்டால் சிறையில் இரண்டு மணி நேரம், அதுவும் லாகின் செய்து உள்ளே இருந்தால்தான் கழியும். ஆரம்பத்தில் நல்ல கூட்டம் வந்தது. இப்போது மாலை நேரத்தில்கூட ஆள் சேருவதில்லை. எங்களோடு சேர்ந்து தொடங்கிய நண்பனே போய்விட்டான். "வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. கேம் ஜாலியாக இருந்தால் போதும்" என்றான். "நிஜ வாழ்க்கை அப்படித்தான்" என்று நான் சொன்னேன். அதிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. யதார்த்தமும் ரசனையும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும்? கேரக்டர் செத்தால் நிரந்தரமாகச் சாக வேண்டுமா? குரலை மாற்றிப் பேசச் சொல்லி விதி வைக்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

"சுவரைப் பார்த்துக்கொண்டு" என்ற இடத்தில் கடிதத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பலர் சேர்ந்து ஆடும் கதையில் தோற்றவரை என்ன செய்வது என்பது கொஞ்ச காலமாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

விகிதம் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று கிடையாது. பசி, தாகம், பெட்ரோல் எல்லாம் சில்லறை விஷயங்கள். பசித்தவன் ஒரு கடைக்குப் போய் அங்கே இன்னொரு மனிதரைச் சந்திக்கிறான் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பட்டனைத் தட்டித் திரையிலுள்ள பசிப் பட்டையை நிரப்புவது மட்டும்தான் என்றால் எடுத்துவிடுங்கள். குரல் விஷயத்தில் விதி வேண்டாம், விரும்புகிறவர் மாற்றிப் பேசட்டும்.

ஆனால் "நிஜ வாழ்க்கை அப்படித்தான்" என்று சொன்னீர்களே, அதை நான் விடப்போவதில்லை. நீங்கள் ஆடும் அந்த விளையாட்டில் ஒரு முழு நாள் 48 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. நீங்கள் சிறையில் தள்ளிய ஆள் இரண்டு சூரிய உதயத்தையாவது அந்த அறையிலிருந்தே பார்க்கிறார். எந்த நிஜத்தின் கணக்கு இது? உங்கள் ஊரில் யாரும் தூங்குவதில்லை, பல் விளக்குவதில்லை. கைதானவருக்கு வக்கீல் கிடைக்க மாதக்கணக்கில் ஆவதில்லை. குண்டடி பட்டவர் அரை மணி நேரத்தில் எழுந்து ஓடுகிறார். இதையெல்லாம் விட்டுவிட நீங்கள் நால்வரும் முதல் நாளே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், உங்களுக்கே சலிப்பு தட்டும் என்பதால். சிறையில் மட்டும் கறாராக இருக்கிறீர்கள். உங்களில் யாராவது அந்த இரண்டு மணி நேரத்தை ஒருமுறையாவது முழுதாக உட்கார்ந்து கழித்ததுண்டா? இவ்வளவு விவரமான கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நிஜம் முழுவதையும் எந்த விளையாட்டும் எடுத்துக்கொள்வதில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வுக்கான செலவு எப்போதும் மனிதர்களின் நேரத்திலிருந்துதான் கழிக்கப்படுகிறது. யாருடைய நேரத்திலிருந்து என்று கேட்காமல் விதி எழுதுகிறவர்மேல் எனக்குக் கோபம் வரும்.

ஓர் உலகத்தை அச்சு அசலாகக் கட்ட வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துப் பேசவில்லை. அது அழகான ஆசை, உங்களைவிடப் பெரிய ஆட்களுக்கே இருந்தது. 1997-இல் வெளியான அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டுக்காக ரிச்சர்ட் கேரியட்டும் ராஃப் கோஸ்டரும் அவர்களுடைய குழுவும் ஒரு முழு உயிர்ச்சூழலையே வடிவமைத்தார்கள். ஆடு புல்லைத் தேடும், ஓநாய் ஆட்டைத் தேடும், இரை குறைந்தால் பெரிய மிருகங்கள் வேறு பக்கம் திரும்பும். காகிதத்தில் அற்புதம். ஆட வந்தவர்களோ கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிச் சாய்த்தார்கள். புதிதாகப் பிறப்பதைவிட வேகமாகக் கொன்றார்கள். ஓநாய்க்குப் பசிக்க நேரமே இருக்கவில்லை. அப்படியொரு ஏற்பாடு உள்ளே இருக்கிறது என்பதையே யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு உழைப்பைக் கொட்டிய பிறகு எடுப்பதற்கு மனம் எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் எடுத்தார்கள்.

சரி, உங்கள் சிறைக்கு வருகிறேன். ஒரு கொள்ளையை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் வங்கிக்குள் நுழைகிறார்கள், வெளியே போலீஸ் சூழ்ந்துவிடுகிறது. நிஜத்தில் பெரும்பாலானவர்கள் கையைத் தூக்கிவிடுவார்கள். பணம் போனால் போகட்டும், உயிர் பெரிது. உங்கள் சர்வரில் கணக்கு தலைகீழ். சரணடைந்தால் இரண்டு மணி நேரம், சுட்டு விழுந்தால் ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம். யார் கையைத் தூக்குவார்? நான்கு பேரும் கடைசிக் குண்டுவரை சுட்டுவிட்டுத்தான் விழுவார்கள். உடனே நீங்கள் இன்னொரு விதி எழுதியிருப்பீர்கள்: துப்பாக்கியை நீட்டினால் பயந்தாக வேண்டும், உயிருக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று. ரோல்ப்ளே ஆடும் இடங்களில் பரவலாக இருக்கும் விதிதான் அது. ஆனால் பயத்தை விதியாக எழுதிவிட்டு, பயப்படாதவருக்கே லாபம் வரும்படி கடிகாரத்தை வைத்திருக்கிறீர்கள். அப்புறம் என்ன நடக்கும்? கைவிலங்கு மாட்டும் நேரம் பார்த்து ஒருவருக்கு இன்டர்நெட் போய்விடும். இன்னொருவர் போலீஸ் செய்தது பவர்கேமிங், அதாவது எதிராளிக்கு வாய்ப்பே தராமல் தன் இஷ்டத்தைத் திணிப்பது என்று ரிப்போர்ட் போடுவார். வேறொருவர் வீடியோவோடு வந்து சர்வரை நிர்வகிக்கும் அட்மினிடம் மணிக்கணக்கில் வாதாடுவார். நிஜத்தைக் கொண்டுவர நீங்கள் வைத்த ஒரே விதி உங்கள் ஊரில் ஒருவரைக்கூட நிஜ மனிதரைப் போல நடந்துகொள்ள விடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்கு முக்கியம். ரோல்ப்ளேயில் தோற்கத் தெரிந்தவர்கள் அபூர்வம். பிடிபடும்போது திணறுகிறவர், பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர், "அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கெஞ்சுகிறவர் இருக்கிறாரே, அவரால்தான் போலீசாக ஆடியவருக்கு அந்த இரவு மறக்க முடியாததாகிறது. துரத்தல் பத்து நிமிடம், அதில் இருவருக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு ஒருவர் அடுத்த துரத்தலுக்குப் போகிறார், மற்றவர் சுவரைப் பார்க்கிறார். உங்கள் மேடைக்கு நல்லது செய்தவரைத்தான் மேடையிலிருந்து இறக்கி மூலையில் உட்கார வைக்கிறீர்கள். இரண்டு தடவை பொறுத்துப்போவார். மூன்றாவது தடவை அவரும் தோற்கக் கூடாது என்று கற்றுக்கொள்வார், அல்லது உங்கள் நண்பரைப் போலக் கிளம்பிவிடுவார். மிச்சம் இருப்பவர்கள் எப்படியாவது ஜெயிக்கப் பார்ப்பவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த யதார்த்தத்தைக் கட்ட முடியும்?

நானும் சிறையில் இருந்திருக்கிறேன். என் இருபதுகளில், முழுக்க எழுத்தாலேயே ஆடும் ஒரு ரோல்ப்ளே உலகத்தில் பல இரவுகளைக் கழித்தேன். படம் கிடையாது, ஒலி கிடையாது. நாம் தட்டச்சு செய்வதுதான் நடை, பார்வை, அடி, அழுகை எல்லாம். அங்கே என் கேரக்டர் ஒரு கடத்தல்காரன். அதுவரை அவன் வெறும் திறமைகளின் பட்டியல்தான்: பூட்டைத் திறப்பான், வேகமாக ஓடுவான், கத்தி வீசுவான். ஒருநாள் பிடிபட்டான். உங்கள் சிறைக்குக் குறையாத தண்டனை. கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு கிழட்டு எழுத்தர் வந்தார். அவரை ஆடியதும் நம்மைப் போல யாரோ ஒருவர்தான். சிறையின் பதிவேட்டை எழுதுவதுதான் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்ட வேலை. நாற்காலியை இழுத்துப் போட்டார், பேனாவைத் துடைத்தார், "தாயின் பெயர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் யோசித்ததே இல்லை. ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். "முதலில் திருடியது எதை? யாரிடமிருந்து?" சொன்னேன். "அதை இன்னும் வைத்திருக்கிறாயா?" இப்படியே போனது. நடுவில் பேனாவை நிறுத்தி, "பொய். தாய் இறந்துவிட்டாள் என்று இப்போதுதானே சொன்னாய், அப்புறம் யாருக்காகத் திருடினாய்?" என்றார். நான் உளறிச் சமாளித்தேன். அந்தச் சமாளிப்பில்தான் அவனுக்கு ஒரு தங்கை பிறந்தாள், பின்னால் எத்தனையோ கதைக்கு அவள்தான் காரணமானாள். தண்டனை முடிந்து கதவு திறந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. பதிவேட்டை முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். பிற்பாடு அந்த எழுத்தரிடம் வாக்குமூலம் கொடுப்பதற்காகவே சிலர் வேண்டுமென்று பிடிபட்டார்கள். அவர் யார், எந்த நாட்டுக்காரர், என்ன வயது, எதுவும் எனக்குத் தெரியாது. என் எழுத்து வாழ்க்கையில் ஒரு பாத்திரத்தை உள்ளிருந்து பார்க்க எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

அதே நீளமான நேரம்தான் அதுவும். எதிரே ஒரு மனிதர் இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் சிறையில் எதிரே யார் இருக்கிறார்கள்?

உங்கள் நண்பர் பக்கமும் நான் முழுதாகச் சாயவில்லை. "ஜாலியாக இருந்தால் போதும்" என்பதும் சோம்பேறித்தனமான பேச்சுதான். எதுவுமே பறிபோகாத உலகத்தில் எதற்கும் மதிப்பு ஒட்டாது. 1999-இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டில் செத்தால் உங்கள் சாமான் எல்லாம் செத்த இடத்தில் பிணத்தோடு கிடக்கும். ஒன்றுமில்லாமல் வேறெங்கோ உயிர்த்தெழுந்து, ஆபத்தான நிலவெளியைத் தாண்டிப் போய் அதை மீட்க வேண்டும். கொடுமைதான். ஆனால் தனியாக மீட்பது கஷ்டம் என்பதால் ஆட்கள் ஆட்களைத் தேடிப் போனார்கள். முன்பின் தெரியாதவர்கள் துணைக்கு வந்தார்கள், பிணத்தை வரவழைக்கும் மந்திரம் தெரிந்தவர்களுக்குத் தனி மரியாதை இருந்தது. அந்த இழப்பு ஒருவரை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. உங்கள் சிறை பிரித்து வைக்கிறது.

கடிகாரத்தைப் பொய்யாக்கினால் இழப்பும் பொய்யாகிவிடும் என்று பயப்படாதீர்கள். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் ஒரு போர் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் பங்கெடுத்தார்கள், ஏறத்தாழ 21 மணி நேரம் நீண்டது. அவ்வளவு பேரை சர்வர் தாங்காது என்பதால் அந்த மண்டலத்தில் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கினார்கள். காலம் ஆமை வேகத்தில் நகரும் போர் எந்த நிஜத்திலும் கிடையாது. எல்லோருடைய கட்டளையும் நியாயமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக நிஜத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அழிந்த 75 டைட்டன் கப்பல்கள், அந்த விளையாட்டின் மிகப் பெரிய கப்பல்கள், அழிந்ததுதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பலருடைய மாதக்கணக்கான உழைப்பு இருந்தது. அங்கே இருந்தவர்களிடம் போய் அது யதார்த்தமாக இல்லை என்று சொல்லிப் பாருங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தண்டனை நேரம் யாராவது கைதியோடு பேசிக்கொண்டிருக்கும்போது வேகமாகக் கழியட்டும். வக்கீல், நிருபர், காவலர், பக்கத்து அறைக்காரர், யாராக இருந்தாலும் சரி. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு, வெளியீட்டுக்கு முந்தைய பீட்டா சோதனையில் இருந்தபோது நெடுநேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகும் என்று வைத்தார்கள், எல்லோரும் திட்டினார்கள். அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, ஓய்வெடுத்துவிட்டு வருபவருக்கு இரட்டிப்பு என்றார்கள். எதிர்ப்பு அடங்கிவிட்டது. இதை வெறும் தந்திரம் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருகிறவரை வரவேற்பதா தண்டிப்பதா என்ற முடிவு அது. பேச ஆளில்லாத நேரத்தில் கைதி வேறு கேரக்டரில் ஆடிக்கொள்ளட்டும், அவருடைய இரவை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். சரணடைவது சாவதைவிட எப்போதும் மலிவாக இருக்கட்டும்.

நிரந்தரச் சாவு பற்றி: 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் உருவாக்கிய முதல் 'மட்' விளையாட்டிலேயே, பலர் சேர்ந்து எழுத்தால் ஆடும் வகை அது, சண்டையில் செத்தால் கேரக்டர் அழிந்துவிடும். 2023-இல் வார்கிராஃப்டின் பழைய வடிவமான கிளாசிக்கில் அதற்கென்றே தனி சர்வர் திறந்தபோது விரும்பியவர்கள் தாமாகப் போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் சர்வரிலும் அப்படியே வையுங்கள். கேரக்டரை ஆடுகிறவர் சம்மதித்தால் சாகட்டும், கொல்ல வந்தவர் முடிவு செய்யக் கூடாது.

உங்கள் நண்பருக்கு எழுதுங்கள். விதியை மாற்றிவிட்டு, "வா, இப்போது சரியாகிவிட்டது" என்று எழுத வேண்டாம். மாற்றுவதற்கு முன்பே எழுதி, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யார் வந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் ஆளின் வேடத்தை முதல் வாரம் நீங்களே ஆடுங்கள்.

அன்புடன்.