சூரியக் குளத்தில் வெந்நீரை எடுத்தால் அடுக்கு கலைவது பற்றி

வணக்கம். சூரியக் குளம் என்பது அடியில் இருக்கும் அடர்ந்த உப்புநீரில் வெயில் சூட்டைப் பிடித்து வைக்கும் குளம். உங்களுடையது 25 சதுர மீட்டர், அடியில் 75 டிகிரி வருகிறது, பம்பு போட்டதும் அடுக்கு கலைந்து சூடு இறங்கிவிடுகிறது என்கிறீர்கள். கோளாறு பம்பில் இல்லை, குழாய் வாயில். குறுகிய வாய் வழியாக வேகமாக உறிஞ்சினால் மேலே இருக்கும் உப்புச் சரிவு அடுக்கும் (மேலே போகப் போக உப்பு குறைந்து, அடிச்சூட்டைத் தப்பவிடாமல் மூடி வைக்கும் அடுக்கு) சேர்ந்து இழுபடும். அகலமான, கிடைமட்டமான பிளவு வாய் வையுங்கள். அடிச்சூட்டு அடுக்கின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே எடுத்து, ஆறிய உப்புநீரை எதிர்க்கரையில் தரையை ஒட்டி மெதுவாக விடுங்கள். இந்த அளவுக் குளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள் போட்டு நல்ல தண்ணீரை ஓட்டுவதே சுலபம். செம்பு வேண்டாம், சூடான உப்புநீர் அரித்துவிடும்.

அப்புறம், இதில் மின்சாரம் எடுக்கலாமா என்பது. 75 டிகிரியில் நீராவி டர்பைன் ஓடாது. குறைந்த சூட்டில் கொதிக்கும் திரவத்தை வைத்து ஓட்டும் ஆர்கானிக் ராங்கின் எந்திரம் வேண்டும். எந்திரத்தின் குளிர்பக்கம் 30 டிகிரி என்றால், சூட்டில் மின்சாரமாக மாறக்கூடியது கோட்பாட்டு உச்சமே 13 சதவீதம். நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. குளம் பிடித்து வைப்பதே வெயிலில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். ஆக உங்களுக்குச் சராசரியாக 50 வாட் தேறலாம், அதையும் பம்பே தின்றுவிடும். சாக்கடல் அருகே பெய்ட் ஹஅரவாவில் 5 மெகாவாட் நிலையம் ஓடியது, ஆனால் அங்கே குளம் 2 லட்சம் சதுர மீட்டருக்கு மேல். குஜராத்தின் புஜ் நகரில் 6,000 சதுர மீட்டர் குளம் இருந்தும் பால் பண்ணைக்கு வெந்நீர்தான் கொடுத்தார்கள். நானாக இருந்தால் வெந்நீரோடு நிறுத்திக்கொள்வேன்.

சுருள் போடும் முன் 10 செ.மீ.க்கு ஒருமுறை உப்பு அடர்த்தி அளந்து இங்கே போடுங்கள், சரிவு எங்கே உடைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.