பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளையின் மூளையில் பார்வைக்கான பகுதி உருவாகுமா?

உருவாகும். "அந்த இடம் காலியாகத்தான் இருக்குமாமே" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது போல. அதே வார்த்தையை என் தங்கச்சியைப் பற்றி அம்மாவின் முகத்துக்கு நேரே ஒருவர் சொன்னார். இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, எங்களுடையது.

நான் வைத்தியர் இல்லை, விஞ்ஞான ஆசிரியை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

கருவில் மூளையின் மேற்பட்டை வளரும்போது அதன் முன்முனையில் எஃப்ஜிஎஃப்8 என்ற புரதம் சுரக்கிறது. தேயிலை ஃபெக்டரிக்குக் கிட்ட வாசம் தூக்கலாகவும் மேல் லயத்தில் லேசாகவும் இருக்குமே, அதுபோல இந்தப் புரதமும் பின்னால் போகப் போகக் குறையும். அந்த அளவை வைத்துத்தான் கலங்கள் (செல்கள்) தாம் நிற்கும் இடத்தை அறிகின்றன. 2001இல் எலிக் கருக்களில் இதைப் பின்முனையிலும் சுரக்க வைத்துப் பார்த்தார்கள். மீசை மயிர்களின் தொடுகைக்கான பகுதி கூடுதலாக இன்னொன்று உருவானது. மேற்பட்டையைப் பகுதிகளாகப் பிரிக்கும் இந்த முதல் கோடுகளைப் போட கண் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் தலமஸிலிருந்து, அதாவது கண்ணின் செய்தியை மேற்பட்டைக்குக் கடத்தும் மூளையின் உட்பகுதியிலிருந்து, நரம்பிழைகள் வந்து சேர்கின்றன. அவை குறைந்தால் பகுதி சிறுத்துப் போகும். கருவிலேயே கண் அகற்றப்பட்ட குரங்குகளில் ராக்கிச் என்ற மூளை ஆய்வாளர் அதைக் காட்டினார். ஆகவே பார்வையுள்ள பிள்ளைக்கு இருப்பது போலவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் காலி இல்லை. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் என்ற புள்ளி எழுத்தை விரலால் தடவி வாசிக்கும்போது பார்வைப் பகுதி வேலை செய்வதை 1996இல் ஸ்கேன் எடுத்தே கண்டார்கள்.

எனக்கு ஸ்கேன் தேவைப்படவில்லை. கரண்ட் போன இரவுகளில் நாங்கள் குப்பி விளக்கைத் தேடிக்கொண்டிருப்போம். தங்கச்சி சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். விரல் நுனியால் தள்ளித் தள்ளி, நெல்லை ஒரு பக்கம், கல்லை ஒரு பக்கம் ஒதுக்குவாள். காலையில் பார்த்தால் ஒன்றுகூட மாறியிருக்காது.

அந்த விரலுக்குப் பதினொரு வயதில்தான் பிரெயில் கிடைத்தது, அதுவும் மலையிறங்கிப் போய் ஒரு விடுதிப் பள்ளியில். ஊரில் முன்பள்ளிகூட அவளைச் சேர்க்கவில்லை, விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவே கிடையாது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கலைப்பிரிவு போதும் என்று சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு பஸ் மாறிப் போய்ப் படித்த உயிரியல்தான் மேலே எழுதியது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

உங்கள் பிள்ளைக்கு இப்போதே பிரெயில் தொடங்குங்கள். முதல் விடுமுறைக்கு வந்தபோது தங்கச்சி என் விரலைப் பிடித்துப் புள்ளிகளின் மேல் வைத்தாள். எனக்குச் சுளகில் கிடக்கும் அரிசி மாதிரித்தான் இருந்தது. "உங்க பேருதான் அக்கா," என்றாள்.