மழைநீர் ஓடையில் கழிவு கலக்கிறது: எங்கிருந்து தொடங்குவது?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்துப் பேரூராட்சி ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தெருவின் மழைநீர் ஓடை ஊர்க்குளத்தில் விழுகிறது. ஜூன் மாத முதல் மழையிலேயே கறுப்புத் தண்ணீரும் பிளாஸ்டிக்கும் வந்து குளம் நாறிவிடுகிறது. நாங்கள் சிலர் சேர்ந்து குளத்தைச் சுத்தம் செய்தோம். அடுத்த மழையில் பழையபடி ஆகிவிட்டது. மனு கொடுத்தால் ஓடையைத் தூர்வாருகிறார்கள், அவ்வளவுதான். வேறு என்ன செய்யலாம்?"

குளத்தில் இறங்கும் வேலையை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அங்கே கிடப்பதெல்லாம் ஓடை கொண்டுவந்தது. ஓடைக்கு அதைக் கொடுத்தவை மேலே இருக்கும் வீட்டுக் குழாய்களும் கடைகளும்தான். அவற்றைக் கண்டுபிடிக்காமல் எத்தனை முறை தூர்வாரினாலும் பலன் நிற்காது.

மழை இல்லாத நாளில் மழைநீர் ஓடை காய்ந்து கிடக்க வேண்டும். இதுதான் முதல் சோதனை. தொடர்ந்து ஒரு வாரம் மழை பெய்யாத சமயமாகப் பார்த்து, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள், குளத்து வாயிலிருந்து மேல்நோக்கி ஓடை ஓரமாகவே நடந்து போங்கள். எங்கெல்லாம் தண்ணீர் வந்து விழுகிறதோ அங்கெல்லாம் படம் எடுத்து, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சோப்பு நுரை என்றால் குளியலறை, துணி துவைக்கும் தண்ணீர். அழுகிய முட்டை வாடையும் கறுப்பு நிறமும் என்றால் செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கினால் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் இருக்கும். பால்போல் வெளுத்து, புளித்த வாடையோடு வந்தால் யாரோ ரப்பர் ஷீட் அடிக்கிறார்கள்.

ரப்பரை நம் மாவட்டத்தில் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடிக்கும்போது பிழிந்து வரும் தண்ணீரில் அமிலமும் புரதமும் சர்க்கரையும் இருக்கும். அது குளத்தில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை இழுத்துவிடும். மீன் செத்து மிதக்கும். கொஞ்சம் ஷீட் அடிக்கிற வீட்டுக்காரர் விளையிலேயே (தோட்டத்திலேயே) குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டு அமிலத்தைக் குறைத்துத் தேக்கி வைத்தால், ஓடைக்குப் போகாமல் தடுத்துவிடலாம். அதிகமாக அடிப்பவர்களுக்கு அந்தத் தண்ணீரிலிருந்தே எரிவாயு எடுக்கும் முறை இருக்கிறது. ரப்பர் வாரிய அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

செப்டிக் டேங்க்தான் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நான்கு, ஐந்து சென்ட் மனையில் வீடும் கிணறும் போக அந்த இடைவெளிக்கு எங்கே போவது? இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால், நிலத்தடி நீர் மேலே ஏறும்போது குழி உறிஞ்சுவதும் நின்றுவிடுகிறது. அதனால்தான் பலர் ஒரு குழாயை ஓடைக்குத் திருப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசினால் கதவைச் சாத்திவிடுவார்கள், வேலை நடக்காது. டேங்கில் சேர்ந்த கழிவை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை உரிமம் உள்ள வண்டியை அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். சமையலறை, குளியலறைத் தண்ணீரை டேங்கில் விடாமல் வாழைக்கும் தென்னைக்கும் திருப்பினாலே பாதிப் பாரம் குறையும். அதற்கும் இடமில்லாத வீடுகளுக்கு, ஓடை குளத்தில் விழும் இடத்துக்கு முன்னால் பேரூராட்சியே ஒரு வண்டல் தொட்டியும், ஜல்லி போட்டுக் கல்வாழை நட்ட வடிகட்டும் படுகையும் அமைக்கலாம். அது சாம்பல்நீருக்குத்தான் (சமையலறை, குளியலறைத் தண்ணீருக்குத்தான்) தாங்கும், மலக்கழிவுக்குத் தாங்காது. கம்பிவலை மட்டும் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் அதோடு திருப்தியடையாதீர்கள். வலையில் பிளாஸ்டிக் நிற்கும், நாற்றத் தண்ணீர் நிற்காது.

சரி, யாரிடம் கேட்பது? ஓடை ஒன்றாக இருந்தாலும் பொறுப்பு பலரிடம் பிரிந்து கிடக்கும். தெரு ஓடை பேரூராட்சியுடையது. மெயின் ரோட்டை ஒட்டிய ஓடை நெடுஞ்சாலைத் துறையுடையது. குளமோ சானலோ நீர்வளத் துறையிடம் இருக்கலாம். எது யாருடையது என்று தெரிய, கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் சர்வே எண்ணைப் பாருங்கள். மனுவை அவரவருக்குத் தனித்தனியாக, குழாய் குறித்த வரைபடத்தோடு கொடுங்கள். "ஓடையைச் சுத்தம் செய்ய வேண்டும்" என்று எழுதினால் தூர்வாருவார்கள், உங்களுக்கு நடந்ததும் அதுதான். "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை ஓடையில் விழும் கழிவுநீர் இணைப்புகளைத் துண்டித்து, மாற்று வழி செய்து தர வேண்டும்" என்று எழுதினால், பேரூராட்சிச் செயல் அலுவலர் அதற்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

பேரூராட்சியில் கிராம சபை கிடையாது; வார்டு குழுவும் பகுதி சபையும்தான். அங்கே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். ஓடையின் மேல்பகுதி பக்கத்துக் கிராம ஊராட்சியில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். நம் மாவட்டத்தில் இது சாதாரணம். அப்படியானால் அந்த ஊர்க்காரர்கள் கிராம சபையில் எழுப்ப வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், இந்தப் பேச்சுக்குப் பொருத்தமான நாள்.

வீடு வீடாகப் போய்ப் பேச அதிகாரியைவிட உள்ளூர்க்காரர்தான் நல்லது. மகளிர் குழு, அன்பியம் (கத்தோலிக்கப் பங்கின் சிறு குடும்பக் குழு), கோயில் கமிட்டி, ஜமாஅத் என்று ஏற்கெனவே இருக்கிற அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிராய்லர் கடை, மீன்கடை, ஓட்டல்காரர்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்கள் கழிவை எந்த நேரத்துக்கு எந்த வண்டி எடுக்கும் என்று பேரூராட்சி சொல்லாமல், ஓடையில் கொட்டாதே என்று மட்டும் சொல்வது நியாயமில்லை.

தூர்வாருவதற்கும் காலம் உண்டு. மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கைப் பெரும்பாலும் முதல் மழைதான் அள்ளிக்கொண்டு போகும். மற்ற பல மாவட்டங்களுக்கு ஒரு முறை போதும்; நமக்கு ஏப்ரலில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை வேண்டும். அள்ளிய சேற்றை ஓடைக் கரையிலேயே குவித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். அன்றைக்கே வண்டியில் ஏற வேண்டும், இல்லையென்றால் அடுத்த மழையில் அதே இடத்தில் கிடக்கும்.

யாரையும் வெறுங்கையோடு ஓடையில் இறக்காதீர்கள், இளைஞர்களையும்தான். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். மூடிய சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். உயிர் போகும் வேலை.

உங்கள் குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. வள்ளியாற்றில் சேர்ந்தால் கடியப்பட்டணம் கடலில் போய்த்தான் நிற்கும். கீழே இருக்கும் ஆயக்கட்டு விவசாயிகளையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வயலுக்குப் பாயும் தண்ணீர் இது. மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அவர்கள் எழுந்து கேட்டால், நீர்வளத் துறை அதிகாரியும் அங்கேயே இருப்பார்.