இருட்டறை பதில்கள்: குப்பைக்கூடையில் போட்ட படங்கள்

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி): டோக்கியோ போய் வந்ததைப் பற்றி எழுதியபோது, 'அங்கே ஒரு கருப்பு வெள்ளைப் பத்திரிகை என் தூக்கத்தைக் கெடுத்தது' என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டீர்கள். அது என்ன பத்திரிகை ஐயா? பெயரையாவது சொல்லியிருக்கலாமே?

பதில்: அந்த வரிக்குப் பின்னால் இரண்டு பக்கம் இருந்தது அம்மா. ஆசிரியரின் கத்தரிக்குப் பசி அதிகம். இந்த முறை நீங்களே கேட்டுவிட்டீர்கள், இனி அவர் என்ன செய்ய முடியும்?

ஜப்பானியப் புகைப்படப் பத்திரிகை அது, பெயர் 'ப்ரோவோக்'. சீண்டு, உசுப்பிவிடு என்று பொருள்.

என் மகள் குடும்பம் டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இருக்கிறது. இந்தியர்கள் நிறையக் குடியிருக்கும் இடம், கறிவேப்பிலைக்குக்கூடப் பஞ்சமில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் எனக்கு அங்கே வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், அதிகாரி எல்லாம். "தாத்தா, இன்றைக்குக் கோயிலா, புத்தகக் கடையா?" என்று கேட்டாள். புத்தகக் கடை என்றேன். தோசாய் ரயிலில் போய்க் குடான்ஷிதாவில் இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் ஜிம்போச்சோ வந்துவிடுகிறது. தெரு முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். பெரும்பாலானவை சாலையின் தெற்குப் பக்கத்திலேயே வரிசையாக, வடக்குப் பார்த்து நிற்கின்றன. ஏன் என்று கேட்டேன். வடக்குப் பார்த்த கடைக்குள் வெயில் விழாது, தாள் பழுப்பேறாது என்றாள். நாற்பது ஆண்டுகள், படம் அச்சிடும் ப்ரோமைடு பேப்பரை வெளிச்சத்தின் கண்ணில் படாமல் காப்பாற்றியவன் நான். அந்தத் தெருவின் மீது அப்போதே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மூன்றாவது கடையில் புகைப்பட நூல்களுக்கென்றே ஓர் அலமாரி இருந்தது. அதில் மூன்று மெல்லிய இதழ்கள். முதலாவது சதுர வடிவம், மற்றவை வேறு அளவு. பிரித்தேன். ஒரு தெரு. அது தெருதான் என்று தெரிவதற்கே சிறிது நேரம் பிடித்தது. கரி அள்ளிப் பூசியது போல இருட்டு, நடுவில் வெள்ளையாக வெடித்த ஒரு விளக்கு, மனிதர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள். அடுத்த பக்கமும் அப்படியே. பேத்தியிடம் மெல்லச் சொன்னேன்: "அச்சு கெட்டுப்போன பிரதி போலிருக்கிறது. நல்ல பிரதி இருக்கிறதா என்று கேள்." அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். கடைக்காரர் முகம் மாறாமல் உள்ளே போய் இன்னொரு பிரதியைக் கொண்டுவந்து, நான் திறந்து வைத்திருந்த அதே பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். இரண்டும் ஒரே இருட்டு, ஒரே கோடுகள். பிறகு குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டார். அந்த வணக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

நான் பார்த்தது 2018-இல் வந்த மறுபதிப்பு. மூல இதழ்கள் 1968 நவம்பர், 1969 மார்ச், 1969 ஆகஸ்ட் என மூன்றே முறை வந்தன. அத்தோடு சரி. தொடங்கியவர்கள் நால்வர். தகுமா நகாஹிரா அதற்கு முன் இடதுசாரிப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியர் குழுவில் இருந்தவர். கோஜி தாகி விமர்சகர். யுதாகா தகனாஷி விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த புகைப்படக்காரர். தகாஹிகோ ஒகாடா கவிஞர். இரண்டாம் இதழில் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா சேர்ந்தார். இன்று உலகம் தெரிந்து வைத்திருப்பது பெரும்பாலும் அவருடைய பெயரைத்தான். கூட்டத்துக்குக் கடைசியாக வந்தவர் பெயர் முதலில் நிற்பது எல்லா ஊரிலும் நடப்பதுதானே!

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): இணையத்தில் அந்தப் படங்களைப் பார்த்தேன். கை நடுங்கி எடுத்த படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினால் கலையாகிவிடுமா? என் செல்போனில் இப்படி நூறு படங்கள் இருக்கின்றன.

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதை அன்றைக்கு ஜப்பானிலும் கேட்டிருக்கிறார்கள். கேலிக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்: அரே, புரே, பொக்கே. அரே என்றால் சொரசொரப்பு, படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் கிரெய்ன். புரே என்றால் அசைவு. பொக்கே என்றால் ஃபோக்கஸ் இல்லாத மங்கல். கடைசிச் சொல்லை உங்கள் செல்போன் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். முகம் மட்டும் துலங்கிப் பின்னணி கரைந்து போகிறதே, அதற்கு உலகமே இன்று சொல்லும் பெயர் இந்த ஜப்பானியச் சொல்தான். பூச்செண்டு என்று நினைத்துவிட வேண்டாம். வயதானவர்களுக்குப் புத்தி மங்குவதற்கும் அதே சொல்லைச் சொல்வார்களாம். இதைச் சொல்லிவிட்டுப் பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் மன்னித்துவிட்டேன்.

இப்போது என் கட்சி. என் ஸ்டூடியோவில் இந்த மூன்றும் மூன்று குற்றங்கள். பிரிண்டில் கிரெய்ன் தெரிந்தால் 'டெவலப்பர் சூடாகிவிட்டதா?' என்று உதவியாளனைக் கேட்பேன்; ஃபிலிம் கழுவும் ரசாயனம் அது. அசைந்த படம் நேராகக் கூடைக்குப் போகும். அதனால் அந்த மூன்று இதழ்களையும் நான் முதலில் பார்த்தது நீதிபதியாகத்தான். அன்று இரவு தூக்கம் வராமல் படங்களைத் தொழிற்காரனின் கண்ணோடு மறுபடி பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது: இதைத் தற்செயலாகச் செய்ய முடியாது.

400 வேக ஃபிலிமைக் கேமராவில் 1600 என்று, அதாவது குறைந்த ஒளியே போதும் என்று, வைத்து எடுத்து, அதற்கு ஈடாக டெவலப்பரில் கூடுதல் நேரம் ஊறவிட்டால் கிரெய்ன் பெரிதாகும், நடுச் சாம்பல் நிறங்கள் செத்துப்போகும். நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் சிறு பகுதியை மட்டும் பெரிதாக்கினால் இன்னும் சொரசொரப்பு. அதைக் கடினமான நான்காம் நம்பர் பேப்பரில் போட்டால் மிஞ்சுவது கரியும் சுண்ணாம்பும்தான். ஒவ்வொரு படியிலும் தப்பு செய்ய வேண்டும், ஆனால் அளவு தெரிந்து செய்ய வேண்டும். ஒரு படி கூடினால் படமே இல்லாமல் போய்விடும். மொரியாமா பல நேரம் வியூஃபைண்டரில் கண் வைக்காமலே நடந்தபடி எடுப்பவர். ஆனால் இருட்டறைக்குள் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. எடுக்கும்போது விட்டுக்கொடுத்ததை எல்லாம் பிரிண்ட் போடும்போது பேரம் பேசி வாங்கிவிடுகிறார்.

உங்களுடைய நூறு படங்களுக்கு வருகிறேன். அவற்றில் எதை நீங்கள் வேண்டுமென்று வைத்துக்கொண்டீர்கள், எதை அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்தீர்கள்? முதல் வகையில் ஐந்து தேறினால் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்புங்கள். தாளில் வேண்டும், செல்போனில் வேண்டாம்.

கேள்வி (புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்): 1968 என்றால் கலர் ஃபிலிம் தாராளமாக இருந்த காலம். ஜப்பானிலேயே கேமராவும் ஃபிலிமும் தயாரித்தார்கள். பிறகு எதற்குப் பிடிவாதமாகக் கருப்பு வெள்ளை?

பதில்: செலவு ஒரு காரணமாக இருக்கலாம், சொந்தமாக நடத்திய சிறு பத்திரிகை அது. ஆனால் காலத்தையும் பாருங்கள். வியட்நாம் போர் நடக்கிறது. அமெரிக்க ராணுவத் தளங்கள் ஜப்பான் மண்ணில் இருக்கின்றன. முதல் இதழுக்கும் இரண்டாம் இதழுக்கும் நடுவே, 1969 ஜனவரியில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா அரங்கத்தைப் பிடித்து வைத்திருந்த மாணவர்களைப் போலீஸ் படை வந்து வெளியேற்றியது. இன்னொரு பக்கம் பளபளப்பான வண்ண விளம்பரங்கள், புதுக் கார், புது டிவி. வண்ணம் என்பது விற்கிறவர்களின் மொழியாக இருந்தது.

நான் கொடியையும் தடியடியையும் எதிர்பார்த்துத்தான் பக்கங்களைப் புரட்டினேன். நினைவில் தங்கியவை வேறு. இரவுச் சாலை. இரண்டாம் இதழின் பொருள் காமம், அதில் மொரியாமா எடுத்த விடுதி அறை. மூன்றாம் இதழில் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் அடுக்கிய டப்பாக்கள். ஆமாம், டப்பாக்கள்! நான் எடுத்திருந்தால் கம்பெனிக்காரன் லேபிள் தெரியவில்லை என்று பணம் தரமாட்டான்.

பத்திரிகையின் பெயருக்குக் கீழே 'சிந்தனைக்கான சீண்டல் பொருட்கள்' என்று ஒரு வரி. இருக்கிற சொற்களுக்குள் அடங்காத உலகத்தின் துண்டுகளைக் கண்ணால் பிடித்து, புதிய சொல் பிறக்க அவற்றை முன்வைப்பதே புகைப்படக்காரன் வேலை என்பது அவர்கள் முதல் இதழில் சொன்னதன் சாரம். பேத்தி இதை எனக்குப் படித்துச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை அப்பாவிடம் ஓடினாள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): மூன்று இதழோடு ஏன் நின்றது? சண்டையா, பணமா?

பதில்: சிறு பத்திரிகை என்றதும் நமக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வருகின்றன, அனுபவம் அப்படி! நின்ற கதையைவிட எனக்கு நகாஹிராவின் கதைதான் பெரிது.

1970-இல் 'முதலில், உறுதிபோலத் தோன்றும் உலகைத் தூக்கி எறி' என்ற பொருள் தரும் தலைப்பில் கடைசியாக ஒரு நூல் போட்டுவிட்டுக் குழு கலைந்தது. அதற்குள் அரே, புரே, பொக்கே நாகரிகமாகிவிட்டது. கேலிப் பெயர் பாணியின் பெயரானது, விளம்பரக்காரர்களும் அசைந்த படம் கேட்கத் தொடங்கினார்கள். நகாஹிராவுக்கு இது பொறுக்கவில்லை. அதே 1970-இல் வந்த அவருடைய படநூல் அந்தப் பாணியின் உச்சம் என்று கொண்டாடப்படுகிறது. மனிதர் 1973-இல், இரவும் கிரெய்னும் அசைவும் என் உணர்ச்சியை உலகத்தின் மேல் பூசும் வேலை, இனிமேல் தாவரவியல் நூலில் செடியின் படம் இருக்கிறதே, அதுபோலப் பொருளை உள்ளபடி காட்டும் படம்தான் வேண்டும் என்ற கருத்தில் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. தன்னுடைய பழைய படங்களையும் நெகடிவ்களையும் பெரும்பாலும் எரித்துவிட்டார்.

நெகடிவ் எரிப்பது என்றால் என்ன என்று இருட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். பிரிண்ட் போனால் இன்னொன்று போடலாம்.

1977-இல், 39 வயதில், மிதமிஞ்சிய குடியால் நினைவிழந்து விழுந்தார். பிழைத்தார், ஆனால் நினைவின் பெரும்பகுதியும் மொழியில் கொஞ்சமும் திரும்பவில்லை. சொல்லைப் பற்றி அவ்வளவு எழுதிய மனிதர்! கேமராவை மட்டும் விடவில்லை. பிற்காலத்தில் எடுத்தவை பளிச்சென்ற வண்ணப் படங்கள், ஒரு மங்கல் கிடையாது. 2015-இல் காலமானார்.

மொரியாமா எதிர்த் திசையில் போனார். 1972-இல் 'கிரோகு', அதாவது 'பதிவு', என்று தன்னந்தனியாக ஒரு சிறு இதழ் தொடங்கினார். ஐந்து இதழ் வந்து 1973-இல் நின்றது. 2006-இல் மறுபடி தொடங்கினார். முப்பத்து மூன்று ஆண்டு இடைவெளி! நம் ஊரில் நின்றுபோன பத்திரிகைகளுக்குச் சந்தா கட்டியவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி): வாங்கினீர்களா?

பதில்: வாங்கினேன். விலை கேட்காதீர்கள், வீட்டில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

கேள்வி (கும்பகோணத்திலிருந்து ஒரு பழைய நண்பர், பெயர் வேண்டாம் என்கிறார்): நேர்மையாகச் சொல்லும். உமக்கு அந்தப் படங்கள் பிடித்திருக்கிறதா, இல்லை ஜப்பான் போய் வந்ததால் பிடித்ததாகச் சொல்கிறீரா?

பதில்: பாதிக்கு மேல் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே முரட்டுத்தனம் காட்டும் பக்கங்கள் இருக்கின்றன, இளவட்டங்களின் வீம்பு. ஆனால் ஏழெட்டுப் படங்கள் விடமாட்டேன் என்கின்றன.

உமக்கு நினைவிருக்கும், 1978-இல் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனது, என் ஃப்ளாஷும் எரியவில்லை. குத்துவிளக்கு வெளிச்சத்தில் ஷட்டரைத் திறந்து வைத்து ஒன்று எடுத்தேன். பெண்ணின் தம்பி குறுக்கே ஓடினான், பெண் திரும்பிச் சிரித்தாள். கழுவிப் பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடு, ஒரு மூக்குத்தி, பாதி சிரிப்பு. ஆல்பத்தில் வைக்கவில்லை. 'சொதப்பிவிட்டீரே' என்று நீரே சிரித்தீர்.

ஜிம்போச்சோவிலிருந்து வந்ததும் அந்த நெகடிவைத்தான் தேடினேன். பெட்டியில் இல்லை. கழித்த நெகடிவ்களை எல்லாம், அவற்றிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்கிறவர்களிடம் எடைக்குப் போட்டுவிடுவோமே, அதில் போயிருக்கிறது. கணக்கு நோட்டில் வரவு மட்டும் இருக்கிறது, பதினொரு ரூபாய்.